கல்லூரி அணியா, நான்காம் டிவிஷனா?

சமயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இடதுகை வேகப்பந்து வீசுவான். திருச்சிக் கல்லூரி ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்கிறது. சென்னையில் நான்காம் டிவிஷன் கிளப் ஒன்றும் கூப்பிடுகிறது. "எதுக்குத் தாத்தா போறது?" என்று கேட்டான்.

நான் இரண்டு வகை ஆட்டமும் நிறையப் பார்த்தவன். கல்லூரி மேட்சில் கைதட்ட நண்பர்கள் உண்டு. ஆனால் எதிரே ஆடுவதும் இவன் வயசுப் பையன்தான்; ஒரு பவுன்சரில் மிரண்டு அடுத்த பந்தில் அவுட்டாவான். டிவிஷன் மேட்சில் வேடிக்கை பார்க்க ஆளே இருக்காது. அங்கே எதிரே நிற்பவர் பதினைந்து வருடம் லீக் ஆடிய ஆபீஸ்காரராக இருப்பார். தொப்பை விழுந்திருக்கும், ஓட்டம் குறைந்திருக்கும். ஆனால் நல்ல பந்தைத் தொடவே மாட்டார். காத்திருந்து காத்திருந்து, நாம் களைத்துப் போடும் பந்தைத்தான் அடிப்பார். பந்துவீச்சாளன் தேறுவது இவரிடம்தான்.

சின்னப்பம்பட்டி நடராஜன் 2010-11ல் நான்காம் டிவிஷனில் ஆடினார். ரஞ்சிக்கு வர 2015 ஆயிற்று. வருண் சக்கரவர்த்தியும் அதே டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஆடியவர்தான். ஆனால் அவர் கையில் அதற்கு முன்பே ஆர்க்கிடெக்சர் பட்டம் இருந்தது. இதைப் பையனிடம் அழுத்திச் சொன்னேன்.

"கல்லூரியில் சேர். மேட்ச் இருந்தால் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறு."

அவன் அம்மா அப்போதே டிக்கெட் காசைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.