வாய் சொல்வதும் கால் சொல்வதும்

சட்டைப் பையில் கிடக்கும் செல்போன், நாம் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. அசைவை உணரும் சின்னச் சில்லு ஒன்று அதற்குள் உண்டு.

முத்தமிழ் நகரில் என்னோடு நடக்கும் நண்பர்கள், “பத்தாயிரம் அடி நடந்தாகணும் சார்” என்பார்கள். அந்தக் கணக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற கருவியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மானி’ என்றுதான் பொருள். 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரி 72 வதுள்ள பெண்களில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு ஆறுதலான கணக்கு!

எனக்கு உதவியது இன்னொரு கணக்கு. என் மனைவி காலமான பிறகு, விசாரித்தவர்களுக்கெல்லாம் “நல்லா இருக்கேன்” என்றே சொன்னேன். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ‘சா வா?’ என்று நலம் கேட்டால் ‘சா வா’ என்பதே பதில். கேள்வியும் பதிலும் ஒரே சொல். ஊரிலிருந்து வந்த மகள் என் போனை வாங்கிப் பார்த்தாள். தினம் 5,000 அடி நடந்தது, 900-க்கு இறங்கியிருந்தது. “வாய் ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுதேப்பா” என்றாள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

இதையே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், போபாலில் சங்காத் அமைப்பு, அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவர்கள் சேர்ந்து, மனச்சிதைவு நோயாளிகளின் போனில் ‘மைண்ட்லேம்ப்’ செயலியைப் போட்டார்கள். மனநிலை பற்றிய கேள்விகளுக்கு நோயாளி பதில் சொல்வார். நடமாட்டத்தைப் போனே குறித்துக்கொள்ளும். நோய் திரும்புவதை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பதே ஆய்வு.

ஆனால் போனுக்குக் காரணம் தெரியாது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் இங்கே எல்லோருடைய அடிக்கணக்கும்தான் குறையும். அதை மனச்சோர்வு என்று சொல்ல முடியுமா?

ஆகவே ராத்திரி டைரியில் மூன்று விஷயம் எழுதுகிறேன்: நடந்த அடி, மனசுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், காரணம் ஒரு வரி. “புகை”, “முழங்கால் வலி”, “சும்மாவே பிடிக்கலை” என்று இருக்கும். இந்தக் கடைசிக் காரணம் தொடர்ந்து இரண்டு வாரம் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கையும் வீட்டில் ஒருவரிடம் காட்டி வையுங்கள். குறைந்தால் “ஏன்?” என்று கேட்க ஆள் வேண்டுமே.