மில்லுக்காரரின் மௌனம்

தாத்தா மெதுவாகப் பேசி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஸ்பின்னிங் பக்கம் இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தவர். ரிங் ஃபிரேம்கள் வரிசையாக ஓடுகிற இடத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அந்தப் பழக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஏலே, தண்ணி கொண்டா" என்றால் தெருமுனை டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ரிட்டையர் ஆன பிறகும் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். காதுக்குள் மில் சங்கு ஊதுகிறதாம்.

அப்படிப்பட்ட மனுஷர் பேசாமல் இருப்பதற்கென்றே வருடத்துக்கு ஒருதரம் சதுரகிரிக்குப் போவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலாண்டுப் பரீட்சை லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புரட்டாசி மாதம். ஊரே சனிக்கிழமைக்குத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரில் திருவண்ணாமலை என்றால் பக்கத்துக் குன்றில் இருக்கிற சீனிவாசப் பெருமாள். தாத்தாவோ வேறு பக்கமாகச் சிவன் இருக்கிற சதுரகிரிக்கு மஞ்சள் பையைத் தூக்கினார். "கூட்டம் போற நாள்ல கூட்டம் இல்லாத மலைக்குப் போகணும்லே" என்றார்.

கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்புக்கு பஸ். அங்கிருந்து வயலும் தென்னந்தோப்புமாகப் போகிற பாதையில் தாணிப்பாறை. மலை அங்கேதான் தொடங்குகிறது. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பிலாவடிக் கருப்பசாமி என்று ஒவ்வொரு இடமும் வரவர, "இன்னும் கொஞ்சந்தான்" என்று தாத்தா பொய் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களை முந்திக்கொண்டு தலையில் அரிசி மூட்டையோடு ஆட்கள் ஏறினார்கள். வெறுங்கையோடு எனக்கு மூச்சு வாங்கியது; அவர்கள் பீடியும் குடித்துக்கொண்டு போனார்கள். மேலே எரிந்த அடுப்பு ஒவ்வொன்றுக்கும் அரிசி இப்படித் தலைச்சுமையாகத்தான் வர வேண்டியிருந்தது.

மேலே சுந்தர மகாலிங்கம் சற்றுச் சாய்ந்திருப்பார். மாட்டின் மடியில் பால் குடித்த சாமியாரைப் பச்சைமால் என்ற இடையன் கம்பால் அடித்துவிட்டான், சாமியாராக வந்தது சிவன் என்பது பிறகுதான் தெரிந்தது, அந்த அடிதான் லிங்கத்தில் தழும்பாக இருக்கிறது என்பது மலைக்கதை. அடிபட்ட சாமி என்பதால் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

நாங்கள் தங்கியது கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு சின்ன மடத்தில். தகரக் கூரை, சாணி மெழுகிய தரை, கோரைப்பாய், ஒரு அரிக்கேன் விளக்கு. அமாவாசைக்குத்தான் அங்கே கூட்டம். ஆடி அமாவாசைக்கு நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் மடத்துச் சாமி, சமையலுக்கு ஒருவர், எங்களைப் போல வந்து ஒதுங்கிய நாலைந்து பேர். அவ்வளவுதான் ஆசிரமம். கால அட்டவணையும் கிடையாது, உபதேசமும் கிடையாது.

போன அன்று ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு மண்ணில் கையைத் துடைத்தார் தாத்தா. அதோடு பேச்சு நின்றது. மறுநாள் காலையில் நான் எது கேட்டாலும் கைதான் பதில் சொன்னது.

அந்தக் கைப்பேச்சை அவர் மலையில் கற்றுக்கொள்ளவில்லை. மில்லிலிருந்து கொண்டுவந்தது. இரைச்சலுக்குள் வேலை பார்க்கிறவர்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு விரலைச் சேர்த்துத் திருகினால் நூல் அறுந்திருக்கிறது, போய் ஒட்டு. உள்ளங்கையைத் தலைமேல் கவிழ்த்தால் மேஸ்திரி வருகிறார். கட்டை விரலை உதட்டுக்கு நேராகச் சாய்த்தால் டீ. காதோரம் கையைக் குவித்தால் சங்கு ஊதப்போகிறது, ஷிப்டு முடிந்தது. கிழவர் அத்தனையையும் மலையில் புழக்கத்துக்கு விட்டார். மேஸ்திரி சைகை மடத்துச் சாமிக்கு ஆனது. ஷிப்டு முடிந்த சைகைக்கு அங்கே படுக்கப் போகலாம் என்று அர்த்தம். சமையல்காரர் சீக்கிரமே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். ஒருநாள் மடத்துச் சாமியே என்னைப் பார்த்துக் கட்டை விரலைச் சாய்த்தார். சுக்குமல்லிக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எனக்குக் கிடைத்த வேலை அரிசியில் கல் பொறுக்குவது. அது சாதாரண அரிசி இல்லை. நேர்ந்துகொண்டவர்கள் ஆளுக்கொரு படி கொண்டுவந்து கொட்டியது. ஒரே மூட்டைக்குள் புழுங்கல், பச்சை, சிவப்பரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். முறத்தில் பரப்பினால் நாலு நிறம் தெரியும். கல்லும் அதே நிறங்களில் இருந்து தொலைக்கும். முதலில் கண்ணால் தேடினேன்; அப்புறம் விரல் நுனிக்கே தெரிந்துவிட்டது, அரிசி வழுக்கும், கல் வழுக்காது. ஒரு முறம் முடிவதற்குள் வெயில் முற்றத்தைத் தாண்டியிருக்கும். பச்சரிசி குழைந்து சிவப்பரிசி வேகாத அந்தக் கஞ்சியை ருசி என்று சொல்ல மாட்டேன். பசிக்கு இறங்கியது.

விடியுமுன்னே தாத்தா எழுந்துவிடுவார். மணி அடித்து யாரும் எழுப்பவில்லை. காலை ஷிப்டுக்குப் போன உடம்பு அது. ஓடைப் பக்கம் ஒரு பாறையில் துண்டை விரித்து உட்காருவார். நானும் போர்வையோடு பக்கத்தில். கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்று எவரும் சொல்லித் தரவில்லை. கால் மரத்துப் போகும், கொசு கடிக்கும், கொட்டாவி வரும். வீடு, ஐஸ் வண்டி, பம்பரம் எல்லாம் நினைவுக்கு வந்து தீர்ந்து போகும். நினைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் சத்தங்கள் கேட்டன. தண்ணீருக்குள் இரண்டு மூன்று தண்ணீர்ச் சத்தம். சரிவில் எங்கோ மிளா கனைப்பது. கருமந்தி கிளை தாவுவது. சீட்டி அடிக்கிற ஒரு குருவி. மலைவாசிப் பளியர் ஒருவர் தேன் எடுக்கப் போகிற வழியில் அதே மாதிரி சீட்டியடித்து என்னை ஏமாற்றினார்.

மடத்தில் ஒரு நாய் இருந்தது. அதற்கு நான் கஞ்சி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சித்தர்கள் நாயாகவும் பறவையாகவும் இன்னும் இங்கே நடமாடுகிறார்கள் என்று சமையல்காரர் சொல்லியிருந்தார். கணக்குப் பரீட்சை மார்க்கை அந்த நாயிடம்தான் வேண்டிக்கொண்டேன்.

மடத்துச் சுவரில் ரமணர் படம் ஒன்று கரியேறிப்போய்த் தொங்கியது. 1879-ல் திருச்சுழியில் பிறந்தவர், எங்கள் ஜில்லாக்காரர் என்று தாத்தாவுக்கு அதில் ஒரு பெருமை. அப்போது திருச்சுழியும் எங்கள் ஊரும் ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். 1896-ல் மதுரையிலிருந்து கிளம்பி அருணாசலத்துக்குப் போன ரமணர் ஆரம்ப வருடங்களில் அநேகமாகப் பேசவே இல்லை. 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குச் சைகையாலும் எழுதிக் காட்டியும்தான் பதில் சொன்னார். 'நான் யார்?' என்ற சிறு நூல் அப்படி உருவானது. இதை வளர்ந்த பிறகு படித்தபோது எனக்கு மில் கைகள்தான் ஞாபகம் வந்தன.

ஒருநாள் சந்தன மகாலிங்கம் வழியாகத் தவசிப்பாறைக்குப் போனோம். அங்குள்ள குகைக்குள் வயிறு தரையில் தேய ஊர்ந்துதான் நுழைய வேண்டும். தாத்தாவின் உள்ளங்கால்கள் எனக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தன, வெடிப்பெல்லாம் மண். உள்ளே இருட்டு. பயத்தில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்குகிற அன்று, வழுக்குப்பாறைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார். "காதுக்குள்ள சங்கு நின்னுருச்சா தாத்தா?" என்று கேட்டேன். "அது எங்க நிக்கும்? ஊதிக்கிட்டுதான் இருக்கு. எந்திரிச்சு ஓடணுங்கிற பதட்டந்தான் இல்ல" என்றார். வழக்கமான தொண்டையில்தான் சொன்னார். எதிரே ஏறி வந்துகொண்டிருந்தவர் திடுக்கிட்டுப் போனார்.

இப்போது மௌனத்துக்கு முகாம்கள் வந்துவிட்டன. கோயங்கா வழி விபாசனா தியானத்தின் பத்து நாள் முகாமில் பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். போய்வந்த நண்பர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கல் பொறுக்க விடுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சதுரகிரியில் அந்த மாதிரித் தங்கல் இனி நடக்காது. 2015 மே மாதம் ஓடைகளில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு பல வருடங்கள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய சில நாட்களில் மட்டும் மலையேற விட்டார்கள். ராத்திரி தங்கத் தடை. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன இந்தக் காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. தடையைத் திட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. நான் அந்தக் கட்சியில் இல்லை. எனக்குக் கிடைத்த ராத்திரிகள் என் பேரன் பேத்திக்குக் கிடைக்காது என்பது வாஸ்தவம். ஆனால் தாத்தா காலத்தில் மடத்தில் பத்துப் பேர் படுத்திருந்தோம். இன்று அனுமதித்தால் பத்தாயிரம் பேர் ஸ்பீக்கரோடும் பாலித்தீன் பையோடும் படுப்பார்கள். மிளாவுக்கும் யானைக்கும் ராத்திரி வேண்டும்.

போகிறவர்கள் போங்கள். எந்த நாளில், எத்தனை மணிவரை விடுகிறார்கள் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மலைமேல் மேகம் கருத்திருந்தால் தாணிப்பாறையிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். உச்சியில் பெய்கிற மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஓடைக்கு வந்து சேர்ந்துவிடும்.