மறந்துபோன மன்றாட்டு

குருப்பட்டம் பெற்று முதல் திருப்பலியில் அப்பத்தை உயர்த்திய நாளில் நம் கைகள் நடுங்கின. இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின் அவை நடுங்குவதில்லை. அதை முதிர்ச்சி என்றே எண்ணியிருந்தோம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, பங்கைச் சார்ந்த மூதாட்டி ஒருவர் ஆலய வாயிலில் நம்மை நிறுத்தினார். "சாமி, எம் மகனுக்காக வேண்டிக்கிறேன்னு சொன்னீங்களே, வேண்டினீங்களா?" குடிக்கு அடிமையாகி வீட்டைவிட்டுப் போன மகன். நாம் வாக்களித்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன, ஒருநாளும் வேண்டவில்லை. ஆயினும், "வேண்டினோம் அம்மா" என்று நாக்கூசாமல் உரைத்தோம். அவர் நம் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "அது போதும் சாமி" என்று சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கட்டளைச் செப நூலைத் திறந்தால், அடையாள நாடா பல வாரங்களுக்கு முந்தைய பக்கத்தில் கிடந்தது. ஆலயக் கட்டுமானம், பள்ளி நிர்வாகம், திருவிழாக் கணக்கு என எல்லாம் ஆண்டவருக்கான அலுவல்களே. ஆண்டவரோடு பேசுவதற்கு மட்டும் நேரமில்லாமல் போயிற்று. நாம் விசுவாசத்தை மறுக்கவில்லை. அது தானாகவே நிலைத்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அவிலா நகர்ப் புனித தெரேசா நினைவுக்கு வந்தார். 1535இல் கார்மேல் மடம் புகுந்த அவர், ஒரு காலத்தில் தனிச் செபத்தையே கைவிட்டார். தகுதியற்ற தாம் செபிக்காதிருப்பதே தாழ்ச்சி என்று அதற்குக் காரணமும் கண்டுகொண்டார். 1554இல், தம் 39ஆம் வயதில், காயமுற்ற கிறிஸ்துவின் திருவுருவத்தின் முன் விழுந்து அழுதபோதுதான் உள்ளம் திரும்பிற்று. செபத்தை விட்டவரே செபத்தின் ஆசிரியை ஆனார். 1970இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

மறுநாள் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, மூதாட்டியின் இல்லம் சென்றோம். உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் பாயை விரித்து, "இப்ப வேண்டுவோம் சாமி" என்றார். முழந்தாளிட்டோம். பல ஆண்டுகளுக்குப்பின் நம் கைகள் நடுங்கின.

மகன் இன்னும் வீடு திரும்பவில்லை. அவன் பெயரை நாள்தோறும் ஆண்டவர்முன் சொல்லி வருகிறோம்.

அன்பர்களே, "உங்களுக்காகச் செபிக்கிறேன்" என்று சொல்லி நாம் மறந்தவர் எத்தனை பேர்! புதிய தீர்மானங்களைத் தேட வேண்டாம். அவர்களுள் ஒருவர் பெயரை இன்றிரவு நினைவுகூர்வோம், அங்கிருந்தே தொடங்குவோம்.