பதினெட்டு மோட்டர்கள்

ஆறு கால்கள், காலுக்கு மூன்று மூட்டுகள், மூட்டுக்கொரு சேர்வோ மோட்டர். என் ரோபோவுக்கு மொத்தம் 18. உம்மா சீட்டுக் காசில் வாங்கித் தந்தவை. ஒன்றையேனும் எரியவிட எனக்கு மனமில்லை.

ஒரு கால் மட்டும் அசைய, கணினியிலிருந்து வரும் மின்னே போதுமாயிருந்தது. ஆறு கால்களும் சேர்ந்து உடலைத் தூக்க முயன்றதும் ஆர்டுயினோ பலகை அணைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

"மகள், தண்ணி மோட்டரப் போடக்குள்ள நம்மட வீட்டு லைட் மங்குதே, அதுதான் இது" என்றார் வாப்பா.

கணக்குப் போட்டேன். எஸ்ஜி90 என்னும் இச்சிறு மோட்டர், பாரம் தாங்காமல் நின்றுவிட்டால் சுமார் 650 மில்லி அம்பியர் இழுக்கும். பதினெட்டுக்கும் ஏறத்தாழ 12 அம்பியர். கணினியின் யூஎஸ்பி வழியே பலகை பெறுவதோ வெறும் 500 மில்லி அம்பியர்!

மோட்டர்களுக்கென 5 வோல்ட், 15 அம்பியர் மின்வழங்கி ஒன்றையும் தடித்த வயர்களையும் பொருத்தினோம். பலகைக்கு மின் வேறு வழியில். ஆனாலும் இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைத்தோம். இல்லையேல் பலகையின் கட்டளை மோட்டருக்கு விளங்காது.

ரோபோ மெல்ல எழுந்து நின்றது.

தோழியரே, நீங்களும் ரோபோ செய்வதானால், மோட்டர்கள் இலகுவாய்ச் சுழலும் வேளையை வைத்துக் கணக்கிடாதீர்கள். எல்லாம் ஒன்றாய்ப் பாரம் சுமக்கும் அந்த ஒரு கணத்தை வைத்தே கணக்கிடுங்கள்.