அட்டையில் யார் பெயர்?

போன மாசம் எங்க ஆபீஸில் ஓர் அறிக்கை தயாரானது. நாற்பது பக்கம். ராத்திரி கண் முழித்துக் கணக்குப் போட்டவன் அடியேன். அட்டையில் மானேஜர் பெயர். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'உதவி: ஊழியர்கள்'. (பன்மையில் நானும் அடக்கம்!)

அந்தக் கடுப்போடு மடுகரை பஸ்ஸில் ஏறி, நண்பன் கொடுத்த ஜெராக்ஸ் கட்டைப் புரட்டினேன். பாபிலோனியர்களின் வானக் கணக்கை ஆராய்ந்தே பெயர் வாங்கிய பேராசிரியர் ஓட்டோ நியூகபவர், 1952-ல் 'ஒசைரிஸ்' என்ற ஆராய்ச்சி இதழில் எழுதியது. தலைப்பே 'தமிழ் வானியல்'! அட, நம்ம சங்கதியாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்ததில் பக்கத்து சீட்டுப் பெரியவரின் கீரைக்கட்டு நசுங்கியது, அது தனிக் கதை.

கட்டுரையின் ஹீரோ ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர். ஜான் வாரன் என்பவர், பிறப்பால் பிரெஞ்சுக்காரர், உத்தியோகத்தால் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1825-ல் 'கால சங்கலித' என்ற புத்தகம் போட்டார். அவருக்கு நம்மவர் கிரகணம் கணித்துக் காட்டியிருக்கிறார். பேப்பர் கிடையாது, பென்சில் கிடையாது. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி நகர்த்தி! அட்டவணை முழுக்க மனப்பாடம். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, எண்களை வாக்கியமாக்கி ஒப்பிப்பது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் வந்ததே இதனால்தான். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். அதே 248 நாள் கணக்கு பாபிலோனியர்களிடமும் இருந்தது. பேராசிரியர் ஏன் துள்ளிக் குதித்தார் என்று புரிகிறதல்லவா?

அந்த வருஷத்து மே 31 ராத்திரி கிரகணம். ஆரம்பத்தில் பிசகு 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52. இதற்கு முன்னால் வந்த பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஜான்தீயும் தமிழர் ஒருவரிடம் இந்த வித்தையைப் படித்தார். (1769-ல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க இங்கே காத்திருந்து, மேகம் மறைத்து ஏமாந்த அதே மனுஷர்!) 1765 கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைச்சல், ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி அதிகம். உடனே விசிலடிக்காதீர்கள். ஒரு கிரகணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 52 நிமிஷம் உதைத்ததும் இதே கணக்குதானே!

'இவருக்குச் சித்தாந்தம் ஒன்றும் தெரியாது, ஞாபகசக்திதான் அபாரம்' என்று வாரன் லேசாக மட்டம் தட்டுகிறார். தட்டட்டும். ஆனால் பெயரை எழுதிவிட்டாரே! 'சாமி நாடன் சாஷியா' என்று. சாமிநாதன்தான் அவர் காதில் அப்படி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்க மானேஜருக்கு வாரன் எவ்வளவோ தேவலை.

சட்டென்று தாத்தா ஞாபகம் வந்தது. திண்ணையில் புளியங்கொட்டையைப் பரப்பி, என்னவோ முணுமுணுத்துக்கொண்டே நாள் பார்த்துச் சொல்வார். பி.எஸ்ஸி. மாத்ஸ் சேர்ந்த திமிரில், "கால்குலேட்டர் தரவா தாத்தா?" என்று கேட்டவன் நான். சிரித்தாரே தவிர, கை நிற்கவில்லை. அவர் போன பிறகு, நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவனும் நான்தான். அந்தக் காசில் பரோட்டா சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ருசியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவைப் பிடித்தேன். "தாத்தா என்னப்பா முணுமுணுப்பாரு?"

யோசித்தார். இரண்டு வரி வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. "உங்க அத்தையைக் கேளுடா. அவதான் பக்கத்துல உக்காந்து கொட்டை எடுத்துக் குடுப்பா."

அத்தை இருப்பது நெட்டப்பாக்கத்தில். ராத்திரி எட்டரை மணிக்கு நோட்டும் கையுமாகப் போய் நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று பதினாலு வரி சொன்னார். அர்த்தம் கேட்டேன். "அதெல்லாம் எனக்கெங்க தெரியும்? கேட்டதைச் சொல்றேன், எழுதிக்க."

எழுதினேன். அட்டையில் தாத்தா பெயரை வழியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அத்தை நோட்டை வாங்கி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம் பேரு எங்கடா?"