பாயிண்ட் இல்லாத மைனர்

பழைய காடிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் வேகம் கூடும், எண்ணெய் மிச்சமாகும் என்பார்கள் கிட் விற்பவர்கள். 1971இலேயே தயாரிப்பு நின்றுபோன மோரிஸ் மைனரில் அப்படி ஒரு அதிசயமும் நடக்காது. நான் போட்டது அப்பாவின் கண்ணுக்காக.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற இரண்டு சின்ன முனைகள்தான் பாயிண்ட். தொட்டிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். பிரிகிற கணத்தில் பிளக்கில் பொறி. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 தடவை தொட்டுப் பிரிய வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர். அப்பா ஃபீலர் கேஜைச் செருகி, ஸ்குரூவைத் துளி திருப்பிச் சரிசெய்வார். பண்டார் தெங்காரா, 1970களில் கெஜோரா காட்டை அழித்து எழுப்பிய ஊர். வெளியே வந்தால் இரண்டு பக்கமும் செம்பனைதான். நடுவழியில் நின்றாலும் மணல்தாளால் முனையைத் தேய்த்து வீடு வந்து சேர்ந்துவிடுவார். இப்போது தூரத்துச் சாலை தெரிகிறது, கண்ணாடி போட்டும் அந்த இடைவெளி தெரிவதில்லை.

கிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எதைத் தேய்க்கிறது?”

“தேய்க்க ஒண்ணும் இல்லப்பா.”

அது அவருக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

மைனர் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில். என் கிட்டோ நெகட்டிவ் எர்த்துக்கானது. ஆகவே பேட்டரி இணைப்பைத் திருப்பினேன், காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினேன். டைனமோவின் எஃப் முனை வயரைக் கழற்றி, பேட்டரி லைவிலிருந்து ஒரு வயரை அதில் ஒரு நொடி தொட்டேன். டைனமோ துருவம் மாற அது போதும். (ஸ்கூடாயில் நாலு வருஷம் மின்பொறியியல் படித்ததில் இதைச் சொல்லித் தந்தவர் யாருமில்லை.) பிறகு பாயிண்டும் கண்டென்சரும் வெளியே, ரோட்டருக்கு அடியில் காந்த வளையம், பக்கத்தில் ஹால் சென்சார். சிவப்பு வயர் காயிலின் பிளஸ், கறுப்பு மைனஸ். காயிலின் தடையை அளந்தேன், 3 ஓம். அதைவிட ரொம்பக் குறைந்தால் மாடியூல் சூடேறிச் செத்துப்போகும்.

பாயிண்ட் சாவதற்கு முன் இருமும், தடுமாறும், நாலு நாள் முன்னாடியே சொல்லிவிடும். மாடியூல் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றுவிடும். மணல்தாளுக்கு அங்கே வேலையில்லை. அதனால் எந்த வயரையும் வெட்டவில்லை. பழைய பாயிண்டும் கண்டென்சரும் ஒரு மைலோ டின்னில் காடிக்குள்ளேயே இருக்கின்றன.

காலையில் முதல் தடவையிலேயே பற்றிக்கொள்கிறது. மழைக்காலத்துத் தகராறு மட்டும் தீரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் ஏறினால் ஹால் சென்சாராலும் ஒன்றும் ஆகாது. போன வாரம் அப்படித்தான் நின்றது. நான் இறங்குவதற்குள் அப்பா பானட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, அவசரமே இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.