கணக்கில் ஏறாத நேரம்

ஆலங்குளத்திலிருந்து முக்கூடலுக்குப் போகும் வழியில் உள்ள ஊர்களில், முற்பகல் வேளையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சுளகும் கத்திரியுமாகப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். சுளகின் ஒரு பக்கம் வெட்டிய இலை, மறுபக்கம் புகையிலைத் தூள், ஓரத்தில் நூற்கண்டு. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி ஊர்களில் பீடி சுற்றுவது பெண்கள் தொழில். மழை பொய்த்த வருஷங்களிலும் அடுப்பு அணையாமல் காத்தது இதுதான். பெண் பார்க்கப் போகும்போது 'பீடி சுத்தத் தெரியுமா' என்று கேட்டதும், கம்பெனிப் பாஸ்புக் இருக்கும் பெண்ணுக்குத் தனி மதிப்பு இருந்ததும் இங்கே பழைய கதை இல்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள் இருப்பதாக மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் பெண்கள், வீட்டிலிருந்தே சுற்றுகிறவர்கள்.

ஒரு கேள்வியோடுதான் அங்கே போனேன். ஒப்பந்தம் போடும்போதெல்லாம் கூலி கூடியிருக்கிறது, பஞ்சப்படியும் ஏறுகிறது என்கிறார்கள் கம்பெனி தரப்பில். வீட்டுக்கு வரும் பணம் கூடவே இல்லை என்கிறார்கள் சுற்றுகிறவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றால், நடுவில் காணாமல் போவது எது?

நான் உட்கார்ந்திருந்த வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் இருந்தார்கள். அறுபது தாண்டிய ஆச்சி, அவருடைய மருமகளான அக்கா, கல்லூரியில் படிக்கும் பேத்தி. அக்காவின் கணவர் கட்டட வேலைக்குக் கேரளம் போய்வருகிறவர். அவர் அனுப்பும் பணம் வராத வாரங்களில் சுளகுதான் குடும்பத்தை இழுக்கிறது.

பீடி வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. கடையில் எடைபோட்டுத் தந்த இலைக்கட்டைப் பிரித்து, தண்ணீரில் நனைத்து, உதறி, ஈரச் சாக்கில் பொதிந்து வைக்கிறார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடையில் பறித்துக் காயவைத்த இலை அது. ஈரம் போதாவிட்டால் கத்திரி பட்டதும் நொறுங்கும். மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். எவ்வளவு போதும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். ஆச்சி சாக்குக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தெளி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நாற்பது வருஷத்து அனுபவம் இருக்கிறது.

விடிந்ததும் வெட்டு. தகரத்தில் செய்த அளவை இலைமேல் வைத்து, ஓட்டையும் புள்ளியும் தடித்த நரம்பும் தவிர்த்துக் கத்தரிக்க வேண்டும். நல்ல இலையில் இரண்டு துண்டு தேறும். சில இலைகள் அப்படியே குப்பைக்குப் போகும். அதன் பிறகுதான் சுற்றல். துண்டை விரித்து, சிட்டிகைத் தூளைப் பரப்பி, இரண்டு கை விரல்களாலும் உருட்டினால் ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கி வருகிறது. பருத்த முனையை உள்ளே மடக்கி, ஒடுங்கிய முனையில் நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு பீடி. தூள் கூடினால் இழுக்க வராது, குறைந்தால் அணைந்துபோகும். அக்காவின் விரல்கள் இதையெல்லாம் கண்ணின் உதவி இல்லாமலே செய்தன. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி அந்த ஆயிரத்துக்குத்தான்.

"நனைக்கதுக்கு ஒண்ணும் கிடையாது, வெட்டுததுக்கும் ஒண்ணும் கிடையாது தம்பி. சுத்துனாத்தான் கணக்கு" என்றார் அக்கா. நனைக்க, வெட்ட, சுற்ற, கட்ட, கடைக்குக் கொண்டுபோய்க் காத்திருக்க என்று எல்லாம் சேர்த்தால் ஆயிரம் பீடிக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. கை வேகம் குறைந்தவர்களுக்குப் பன்னிரண்டும் ஆகும். இடையில் சோறு வடிப்பதும் தண்ணீர் பிடிப்பதும் தனி.

கடை என்று சொல்வது கம்பெனிக்காகப் பீடியை வாங்கி வைக்கும் இடத்தை. அக்காவோடு அங்கே போனேன். சோதிக்கிறவர் கட்டுகளைக் கையிலெடுத்து அமுக்கிப் பார்க்கிறார். சந்தேகப்பட்டதைப் பிரித்து, ஒல்லி, கிழிசல், மடக்கு சரியில்லை என்று ஒதுக்குகிறார். ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. ஒதுக்கியதைத் திருப்பித் தருவதும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்று வரிசையில் நின்ற பெண்கள் சொன்னார்கள். அதைவிடப் பெரிய குறை இலை. தரும் இலையில் ஆயிரம் தேறாது; பீடியோ எண்ணிக்கை குறையாமல் வேண்டும். "பத்தாத இலைய நாங்கதான் வெலைக்கு வாங்கிப் போடுதோம். வாரக் கூலியில பாதி இலைக்கே போயிருது" என்றார் ஒரு பெரியம்மை. நூலும் கத்திரியும் எப்போதுமே அவர்கள் செலவு.

இங்கேதான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆயிரத்துக்கான விலை ஏறியிருப்பது உண்மை. ஆனால் வாரம் ஆறு நாளும் ஆயிரம் சுற்றிய வீடுகளுக்கு இப்போது மூன்று நான்கு நாள்தான் இலை கிடைக்கிறது. அதுவும் ஐந்நூறுக்கோ எழுநூறுக்கோ. விலை ஒரு பக்கம் ஏற, வேலை மறுபக்கம் இறங்க, வாரக் கடைசியில் கைக்கு வரும் தொகை இருந்த இடத்திலேயே நிற்கிறது. அரிசியும் எரிவாயுவும் பேத்தியின் பஸ் கட்டணமும் நிற்பதில்லை. இடைவெளியை நிரப்புவது குழு லோன். வாரத் தவணை நாளில் பணம் கட்ட வேண்டும் என்பதற்காக, பாஸ்புக் இல்லாமல் குறைந்த கூலிக்கு இலை தருகிற கடைகளுக்கும் பெண்கள் சுற்றிக் கொடுக்கிறார்கள். அங்கே பி.எஃப். கிடையாது, பஞ்சப்படி கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு இருக்கிறது. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி ரூ.319. அந்த வீட்டில் ஆயிரம் பீடிக்குக் கையில் வந்தது முந்நூறைக்கூடத் தொடவில்லை. கைத்திறன் எதுவும் கேட்காத வேலைக்கு அரசே போதும் என்று வைத்த தொகையைவிட, வருஷக்கணக்கில் பழகிய கைக்கு, பத்து மணி நேரத்துக்குப் பிறகு, குறைவாகக் கிடைக்கிறது.

சட்டம் இவர்களைப் பார்க்காமல் இல்லை. 1966ஆம் வருஷத்து பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. இலையை நனைப்பதையும் வெட்டுவதையும் தொழிற்கூடத்துக்கு வெளியே செய்ய அனுமதி பெற வேண்டும் என்று அதன் 29ஆம் பிரிவு சொன்னது. அப்படியானால் நனைப்பதும் வெட்டுவதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1985இல் பி.எம். படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று தீர்ப்பளித்தது. பீடியைச் சோதித்து ஒதுக்கும் அதிகாரம் கம்பெனியிடம் இருப்பதே அவர்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறார்கள் என்பதற்குச் சான்று என்று நீதிமன்றம் கண்டது. எந்த ஒதுக்கல் அவர்கள் கூலியைக் குறைக்கிறதோ, அதுவே அவர்களைத் தொழிலாளி என்று நிறுவியது. அந்த 1966 சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. பழைய பாதுகாப்புகளில் எது எந்த வடிவில் திண்ணைவரை வரும் என்பதைத் தொழிற்சங்கங்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்க வேண்டிய காலம் இது.

பீடித் தொழிலாளர் நலநிதியின் கதையும் இதைப் போன்றதுதான். 1976இல் வந்த சட்டங்களின்படி உற்பத்தியாகும் பீடிமீது தீர்வை வாங்கி, அந்தப் பணத்தில் மருத்துவமும் கல்வி உதவியும் வீட்டு மானியமும் தந்தார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை அப்படித்தான் இந்தப் பெண்களுக்கு உரியதாக ஆயிற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை நீக்கினார்கள். இவர்கள் உழைப்பிலிருந்தே இவர்களுக்கென்று ஒதுங்கிய பணம் நின்றுபோய், நலத் திட்டங்கள் பொது வரவு செலவுத் திட்டத்தின் ஒதுக்கீட்டை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

ஆச்சிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன் வருகிறது. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் ஆயிரம் என்று வைத்தார்கள். பத்து வருஷம் கடந்தும் அது அசையவில்லை. தோள் வலிக்கும் இருமலுக்கும் மாத்திரை வாங்கவே அதில் பெரும்பகுதி போகிறது. தூள் நெடியில் காலமெல்லாம் உட்கார்ந்த நெஞ்சு அது. "ஆயிரம் ஆயிரமா சுத்துனேன். கடைசியில ஆயிரம்தான் தாராவ" என்றார். குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

பேத்திக்கு பீடி சுற்றத் தெரியும், சுற்றமாட்டேன் என்கிறாள். அம்மாவும் ஆச்சியும் அதைத்தான் விரும்புகிறார்கள். பீடி உடம்பைக் கெடுக்கும் பொருள், குறைய வேண்டியது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தொழில் சுருங்குவதன் இழப்பை யார் தாங்குகிறார்கள்? இலைக்கட்டு பாதியாகும்போது அது திண்ணையில் உட்கார்ந்திருப்பவளின் தலையில்தான் விழுகிறது. பீடி ஒழியட்டும் என்று சொல்கிற அரசும் சமூகமும், நாற்பத்தைந்து வயதில் வேறு வேலை கற்கப்போகும் பெண்ணுக்கு அதுவரை சோறு எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை கண்முன்னே இருக்கின்றன. ஆயிரம் பீடிக்கு ஆயிரம் தேறும் இலை. ஒதுக்கிய பீடிக்கு எழுத்தில் காரணம். நலநிதிக்கு மறுபடி ஒரு தனி வருவாய். விலைவாசியோடு நகரும் பென்ஷன். எல்லாவற்றுக்கும் முதலாவதாக, அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் பேச்சை ஆயிரத்திலிருந்து தொடங்காமல் ஒரு நாளிலிருந்து தொடங்க வேண்டும். இலையை நனைக்கும் சாயங்காலம் முதல் கடை வரிசையில் நிற்கும் நேரம்வரை எல்லாவற்றையும் மணிக்கணக்கில் எழுதி, அந்த நேரத்துக்கு ஒரு மனுஷி வாழக்கூடிய கூலியை வகுத்து, அதிலிருந்து ஆயிரத்தின் விலைக்கு வர வேண்டும். பீடியை எண்ணுவதில் இவ்வளவு கறாராக இருக்கிறவர்களிடம் நேரத்தையும் எண்ணச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை அல்ல.